பள்ளி திறக்கும் வாரம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. மே மாதக் கடைசி வாரம் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். சென்ற ஆண்டு பயிற்சியில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அது முடிந்த கையோடு புதிதாக ஒரு பதிவேற்றப் பணியையும் கொடுத்தார்கள். எல்லோரும் சமாளிக்கிறார்களே, எனக்கு மட்டும் மனம் பலவீனமாகிவிட்டதா? மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், அது பணிப்பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ச.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் பலவீனமாகிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், பணிச்சோர்வு என்பதை நோய்களின் வரிசையில் வைக்காமல், வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்திருக்கிறது. உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையில் கசப்பு வருவது, தன் உழைப்பால் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூச்சுப்பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று மணி விழிப்புக்கு அது உதவும். ஆனால் காரணம் பள்ளியில் இருக்கும்போது, பரிகாரம் முழுவதையும் ஆசிரியரின் மூச்சிலேயே தேடச் சொல்வது நியாயமாகாது.

தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவன் என்பதால் ஜூன் மாதக் காலைகளை நான் அறிவேன். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை அம்மாவின் முந்தானையை விடாமல் அழுகிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடநூல் வந்துவிட்டதா என்று மேசையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றுவதற்கு டவர் கிடைக்கும் இடம் பார்த்து வெளியே போக வேண்டும். பெற்றோரின் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பினால், அந்தக் கைபேசி திருப்பூருக்கு வேலைக்குப் போன தகப்பனாரிடம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய வேலை அல்ல. ஆனால் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் கையில் கைபேசி இருக்கிறதே என்ற குற்ற உணர்வு இருக்கிறதே, அதுதான் நல்ல ஆசிரியரை உள்ளுக்குள் அரிக்கிறது. வேலை மிகுதியைவிட, தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கப்படுவதே அவரை அதிகம் களைக்க வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது, வகுப்புகளோ ஐந்து. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணியிலும் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. விவரப் பதிவேற்றமும் கல்விப்பணிதான் என்று அலுவலகங்கள் சொல்லக்கூடும். சட்டத்தின் நோக்கம் அதுவன்று. போதாக்குறைக்கு, பணியில் இருப்பவர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. இருபதாண்டுகள் பாடம் நடத்தியவர்கள் இரவில் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 'எல்லோரும் சமாளிக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் உங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குக் கூட்டங்களையும் புதிய படிவங்களையும் நிறுத்திவைக்க வட்டாரக் கல்வி அலுவலரால் முடியும். உங்கள் சங்கத்தின் வழியாக இதை எழுத்தில் கேளுங்கள். அதற்குக் காத்திராமல் நீங்கள் இருவரும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பள்ளி திறப்பதற்கு முன்பே தலைமையாசிரியருடன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காலை பதினொரு மணி வரை யார் கைபேசியோடு இருப்பது, யார் பிள்ளைகளோடு மட்டும் இருப்பது என்று நாள்முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு இருப்பவரின் கைபேசி அதுவரை பீரோவில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இப்படிச் செய்தார்கள். வேலை குறையவில்லை, ஆனால் ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் முழு மனத்தோடு வகுப்பில் இருக்க முடிந்தது.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பதிவேட்டைப் பற்றிய பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. விடுமுறை நாளில் நீங்களாகச் சென்று மருத்துவரைப் பார்ப்பது எந்த அலுவலகத்துக்கும் தெரிய வேண்டியதில்லை. இன்னும் விடுமுறை மிச்சமிருக்கிறது. இந்த வாரமே போய் வாருங்கள்.