ஒரு குளவியா, 36 குளவிகளா?

அன்புள்ள அக்காவுக்கு,

கோஸ்டா ரிகாவில் 2014-ல் ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பில்) 186 புதுக் குளவிகளுக்குப் பெயர் வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகின்றன, எறும்பளவு, கறுப்பு. எண்ணிக்கை காட்டுவதற்காகப் பிரிக்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறது. உண்மையிலேயே இவை வேறு வேறு இனங்கள்தானா?

க.

அன்புள்ள க.,

நியாயமான சந்தேகம். இவற்றில் பலவற்றைக் கைதேர்ந்தவர்களாலேயே கண்ணால் பிரிக்க முடியவில்லை. பிரித்துக் காட்டியதில் புழுக்களுக்கும் பங்குண்டு.

கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே காட்டில் உயிரியலாளர் டேனியல் ஜான்செனும், பின்னால் சேர்ந்த வினி ஹால்வாக்ஸும், உள்ளூர்க்காரர்களும் 1978-லிருந்து புழு வளர்க்கிறார்கள். புழுவையும் அது தின்றுகொண்டிருந்த இலையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எண் எழுதித் தொங்கவிடுவார்கள். இலை தீர்ந்தால் புது இலை. வண்ணத்துப்பூச்சி வரும் என்று காத்திருந்தால், சில பைகளில் புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு குளவியின் இளம்புழுக்கள் வெளியே வந்து, பக்கத்திலேயே அரிசிமணி போல வெள்ளைக் கூடு கட்டியிருக்கும். எந்தக் குளவி, எந்தப் புழுவில், எந்தச் செடியில் என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணில் பதிவாகிவிடும்.

இப்படிக் கிடைத்ததில் ஒன்று, நீங்கள் கேட்ட அதே பேரினத்தின் அபான்டெலிஸ் லூகோஸ்டிக்மஸ். 32 வகைப் புழுக்களில் முட்டையிடும் ஒரே குளவி என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரு சிறு மரபணுத் துண்டின் எழுத்து வரிசையை வைத்து இனம் பிரிப்பதற்கு டிஎன்ஏ பார்கோடு என்று பெயர்; 2008-ல் வெளியான அப்படியொரு ஆய்வில் அது 36 குழுக்களாகப் பிரிந்தது. இதோடு நின்றிருந்தால் நானும் உங்களைப் போலத்தான் கேட்டிருப்பேன். ஆனால் பையின் எண்ணை எடுத்து ஒப்பிட்டால், ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு புழுவை, இல்லையென்றால் அதன் நெருங்கிய சொந்தங்கள் சிலவற்றை மட்டுமே தேடிப் போயிருக்கிறது. மரபணுவும் சாப்பாடும் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னால் நான் நம்புவேன்.

2014-ல் அந்த 186 குளவிகளைப் பற்றி உருவம், பார்கோடு, புழு எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார்கள். பெயர்களில் பல அந்தக் காட்டில் வேலை பார்த்தவர்களுடையவை. பை பையாக இலை மாற்றிய கைகளுக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் 2021-ல் கோஸ்டா ரிகாவின் 403 குளவிகளைப் பெரும்பாலும் பார்கோடும் ஒரு புகைப்படமும் மட்டும் வைத்து வெளியிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. வகைப்பாட்டாளர்கள் பலரும் எதிர்த்தார்கள். காடு அழிகிற வேகத்தைப் பார்த்தால் அவசரம் புரிகிறது. சரி, அதற்காக இப்படியா? லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர் இறகு நரம்பையோ முட்டையிடும் ஊசியின் நீளத்தையோ பார்த்து அடையாளம் காண ஒரு வழியாவது அந்த விவரிப்பில் இருக்க வேண்டும். டிஎன்ஏ ஆய்வகம் கைக்கு எட்டாதவருக்கு அந்தக் குளவிகள் ஏ, சி, ஜி, டி என்று நீளும் எழுத்து வரிசை மட்டும்தான்.