சிந்தோக்கிலிருந்து அழுதுகொண்டே வரும் போன்

அக்கா, கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் இருக்கிற மலேசிய உத்தாரா பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் படிக்கும் மகள் போனில் அழுகிறாள், போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது போய் மகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். ஆறாவது வாரத்தில் எடுக்கிற முடிவு இல்லை இது. முதல் செமஸ்டர் ரிசல்ட் கைக்கு வந்த பிறகும் அவள் இதையே சொன்னால், மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

பேராக்கில் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற பெற்றோர் எல்லாரும் 'வீட்டு ஞாபகம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதுவும் உண்டுதான். சிந்தோக் காட்டுக்குள் இருக்கிற இடம். பக்கத்து ஊர் என்றால் சங்லூன்தான். ஆனால் பிள்ளையிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், அழுகைக்கு அடியில் பெரும்பாலும் ஒரு குவிஸ் மார்க் இருக்கும். உங்கள் மகளுக்கு 20க்கு 6. படிவம் ஆறில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில்) கணக்கியலில் முதல் ஆளாக இருந்தவளுக்கு அது பெரிய அடி. 'நமக்கு இந்த இடம் சரிப்படாது' என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

படிக்கத் தெரியாமல் அந்த மார்க் வரவில்லை. பள்ளியில் ஆசிரியர் விரட்டுவார், வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன் வரும். டியூஷனில் வரப்போகிற கேள்வியையே குறித்துக் கொடுப்பார்கள். (இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டது நாம்தான், பிள்ளைகள் இல்லை.) பல்கலைக்கழகத்தில் யாரும் விரட்ட மாட்டார்கள். நம் நாட்டுக் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் 3 மணி வகுப்பு, 14 வாரம் என்று வைத்தால் 42தான் ஆகிறது. மிச்சம் 78 மணி நேரத்தை எந்த டைம்டேபிளிலும் யாரும் போட்டுத் தர மாட்டார்கள். ஐந்து பாடம் எடுத்தால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். முதல் மாதம் 'பாதி நாள் ஃப்ரீயா இருக்கேன்மா' என்று சந்தோஷமாகச் சொன்னாளே, கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. அந்தக் காலி நேரத்தில் வாரம் இரண்டு வேளையை, அதே நாள் அதே மணி என்று நூலகத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து படிப்பது படிப்பில் சேராது.

அப்புறம் அந்த 6 மார்க். பாடத் திட்டத் தாளை முதல் வாரமே கொடுத்திருப்பார்கள். அதில் குவிஸுக்கு எத்தனை விழுக்காடு, அசைன்மெண்டுக்கு எத்தனை, இறுதித் தேர்வுக்கு எத்தனை என்று இருக்கும். அந்த குவிஸ் மொத்தத்தில் 10 விழுக்காடு என்றால் அவள் இழந்தது 7 மார்க். கேரி மார்க்கில், அதாவது இறுதித் தேர்வுக்கு முன்பே சேர்கிற மார்க்கில், இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. செமஸ்டர் முடிவில் சராசரிப் புள்ளி 4.00க்கு 2.00க்குக் கீழே போனால்கூட, பொதுவாக 'பெர்சுபாஆன்' என்று கண்காணிப்பில் வைத்து அடுத்த செமஸ்டரில் ஏறி வர வாய்ப்புக் கொடுப்பார்கள். ஒரே குவிஸுக்காக யாரையும் வெளியே அனுப்புவதில்லை.

அவள் செய்ய வேண்டியது, விரிவுரையாளரின் கதவைத் தட்டுவது. நம் பிள்ளைகளுக்கு இதுதான் மலை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காததை மரியாதை என்று பழகியிருக்கிறார்கள். அங்கே அது 'எல்லாம் புரிந்துவிட்டது' என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். சந்திப்பு நேரம் கதவிலேயே ஒட்டியிருக்கும். குவிஸ் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தப்பான ஒரு கணக்கைக் காட்டி, 'டாக்டர், சாயா தாக் ஃபாஹாம் பாஹாகியான் இனி' (இந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை) என்று மலாயில் சொன்னால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் 'பெனாசிஹாட் அகாடெமிக்' என்று ஓர் ஆலோசகரும் உண்டு. அவர் பெயர் தெரியுமா என்று மகளிடம் கேளுங்கள். தெரியாது என்பாள், பந்தயம்!

குழு வேலைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்லைடு ஆங்கிலத்தில், பேச்சு மலாயில் என்று ஓடுகிற வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மலாய்த் தோழியின் நோட்டு பெரிய உதவி. தமிழ்ப் பேச்சுக்கு மாலையில் சீனியர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கும் ஒன்று. உங்களுக்கு ஞாயிறுதான் லீவு, அதனால் ஞாயிறு காலையில் போன் போடுகிறீர்கள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு அவளுக்கு வாரத்தின் முதல் வகுப்பு நாள். வகுப்பு நடக்கும்போது போன் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை, நீங்கள் பயப்படுகிறீர்கள், வெளியே வந்து உங்கள் குரலைக் கேட்டதும் அவள் அழுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுங்கள். 'சாப்பிட்டியா' என்று தாராளமாகக் கேளுங்கள், அதோடு 'இந்த வாரம் யாரோட உட்கார்ந்து படிச்சே' என்றும் கேளுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்க உயர்கல்விக் கடனில் கட்டணம் போக மிச்சம் மொத்தமாகக் கணக்கில் விழும். அது செமஸ்டர் முடியும்வரைக்குமான பணம். வாரத்துக்கு இவ்வளவு ரிங்கிட் என்று அவளே பிரித்து வைக்கட்டும்.

ஆனால் அக்கா, அவள் பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறையை விட்டே வருவதில்லை என்றால் நான் மேலே சொன்ன எதையும் பார்க்காதீர்கள். 'வாழவே பிடிக்கவில்லை' என்று ஒரு தடவை சொன்னால்கூட, உடனே கிளம்பிப் போங்கள். வளாகத்தில் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் போன் எண் 15555. அப்படியே படிப்பை நிறுத்தி வைக்க வேண்டி வந்தாலும், பேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடக் கூடாது. ஒத்திவைக்க முறையாக மனு கொடுக்க வேண்டும். சொல்லாமல் வந்தால் இடமும் போகும், எடுத்த கடனும் தலைமேல் நிற்கும்.

வருகிற வெள்ளி பேசும்போது அந்தப் பாடத் திட்டத் தாளைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கும் தள்ளிவிடுங்கள், எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் இன்னும் கையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.