39 வயதில் ஃபுல் ஸ்டாக்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை மூன்று வருடமாகப் படிக்கிறேன். கோலார் தங்கவயல் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நான் கேட்கப்போவது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

நாங்கள் இருப்பது பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில். எனக்கு 39 வயது. தபால் வழியில் பி.காம் முடித்தேன். சிக்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் 12 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், ஜி.எஸ்.டி. எல்லாம் நான்தான். சம்பளம் 22,000. மாதம் 14-ஆம் தேதி வந்தால் 20 வரை தலை நிமிர முடியாது. இப்போது முதலாளியின் மகன் கடையைப் பார்க்கிறார். "எல்லாம் சாஃப்ட்வேரே பண்ணிடும், இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு" என்று போன மாதம் என் காதுபடவே சொன்னார்.

வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு), கம்ப்யூட்டர் சயின்ஸ். மாரத்தஹள்ளியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (இணையதளத்தை முழுசாகச் செய்யப் பழக்கும் புரோகிராமிங் படிப்பு) விசாரித்தேன். 95,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 1,12,100. இப்போது காசு எதுவும் வேண்டாம், மாதம் 9,342 வீதம் 12 மாதம் கட்டினால் போதும், வட்டி கிடையாது, வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டாம்.

சேரட்டுமா அக்கா? இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. ஐடி வேலைக்கு ஆசைப்பட எனக்கு வயது தாண்டிவிட்டதா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி


அன்புள்ள தங்கைக்கு,

சனிக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள் என்று நேற்றிரவே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே தவிப்போடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் மீதியைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடன். வட்டியில்லாத் தவணை என்றதும் இன்ஸ்டிட்யூட்தான் நமக்குச் சலுகை தருகிறது என்று தோன்றும். நீங்கள் கையெழுத்துப் போடப்போவது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். அவர்கள் மொத்தப் பணத்தையும் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே பணம் போகும். இரண்டாம் மாதம் வாத்தியார் மாறினாலும், நான்காம் மாதம் ஷட்டரையே இறக்கிவிட்டாலும், தவணை நிற்காது. நீங்கள் நிறுத்தினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண் அடிவாங்கும். அடுத்த வருடம் மகளின் கல்விக் கடனுக்காக வங்கியில் போய் உட்காரும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். வேலைக்குப் பொறுப்பு என்று வாயால் சொன்னார்களே, அது ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அனேகமாக "வேலை தேட உதவி" என்றுதான் அச்சாகியிருக்கும். வேலை உறுதி என்பது போன்ற பொய்யான வாக்குறுதிகளை விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு விதிகளே வெளியிட்டிருக்கிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்கு என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டர். ஆட்களை உள்ளே இறக்கி ஏற்றும் கேஜை மேலிருந்து இயக்குகிற வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலை மூடினார்கள். அப்போது அவருக்கு 44 வயது. கம்ப்யூட்டர் தெரிந்தால்தான் இனி பிழைப்பு என்று ஊரே சொன்னது. கைக்கு வந்த பணத்தில் 15,000 ரூபாயை பெங்களூரில் ஒரு மையத்தில் கட்டி டேட்டா என்ட்ரி படித்தார். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவார். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டுவார். ஐந்து மாதம். சான்றிதழை எங்கே நீட்டினாலும் "வயசாயிடுச்சே" என்றார்கள். ராத்திரி வீடு வந்து சேரும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சித்தி எதுவும் கேட்க மாட்டாள், தட்டை மட்டும் வைப்பாள்.

அதே ரயிலில் லிஃப்ட் சர்வீஸ் செய்கிற ஒருவர் தினம் வருவார். ரோப் தேய்மானம், பிரேக், வேகம் மீறினால் பிடித்து நிறுத்துகிற கவர்னர் என்று ஒருநாள் அவர் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு, "இதெல்லாம் நம்ம வைண்டிங்ல இருக்கறதுதானே" என்றிருக்கிறார் சித்தப்பா. அவருக்குத் தெரியாமல் இருந்தது கன்ட்ரோல் பேனல் மட்டும்தான். அதை மூன்று மாதம் கூடவே திரிந்து கற்றுக்கொண்டார். 60 வயது வரை லிஃப்ட் வேலைதான் செய்தார்.

உங்களுக்கும் நான் சொல்வது இதுதான். தெரிந்த வேலைக்குப் பக்கத்து வேலையைப் படியுங்கள். ஃபுல் ஸ்டாக் கெட்ட படிப்பு இல்லை. உங்கள் மகள் படித்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அந்த ஆறு மாதமும் இணையப் பக்கம் வடிவமைப்பது, ஜாவாஸ்கிரிப்ட், சர்வர் என்று போகும். முடித்துவிட்டு வெளியே வந்தால் புதிதாகப் பட்டம் வாங்கிய பிள்ளைகளின் வரிசையில் போய் நிற்பீர்கள். அந்த வரிசையில் பல கம்பெனிகள் முதலில் கேட்பதே எந்த வருடம் பாஸ் அவுட் என்றுதான். உங்கள் 12 வருடம் அங்கே செல்லாக் காசு. அந்த 12 வருடத்துக்கு விலை இருக்கிற வரிசை வேறொன்று இருக்கிறது.

14-ஆம் தேதி 2பி, அதாவது சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் ஜி.எஸ்.டி. பட்டியல், இறங்கியதும் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். (நானும் பல வருடம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவள், அதனால் துணிந்து சொல்கிறேன்.) ஒரு பக்கம் உங்கள் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர். இன்னொரு பக்கம் ஈரோட்டுக்காரரும் சூரத்துக்காரரும் ஏற்றிய பில்கள். ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேட எக்செலில் வி-லுக்கப் போடுகிறீர்கள். பாதி வரிகள் என்.ஏ (#N/A, ஜோடி கிடைக்கவில்லை) என்று வந்து நிற்கின்றன. பில் ஏறாமல் இல்லை. நீங்கள் 245 என்று பதிந்த பில் எண்ணை, விற்றவர் முன்னால் இரண்டு எழுத்தும் பின்னால் வருடமும் சேர்த்து ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் எண்ணுக்குப் பின்னால் கைதவறி ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கிறார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ட்ரிம் போட்டு அதை எடுக்கிறீர்கள். அடுத்து, 112 என்ற பில் எண் இரண்டு பேரிடமும் இருக்கிறது. வி-லுக்கப் முதலில் கண்டதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரே காலமாக்கி (column) தேடுகிறீர்கள். 33-இல் தொடங்குவது ஈரோடு, 24-இல் தொடங்குவது சூரத் என்று கண் தானாகப் பிரித்துக்கொள்கிறது. கடைசியில் நிஜமாகவே ஏறாத நாலைந்து பில்கள் மிஞ்சும். அப்போது போனை எடுத்து "பாய்சாப், உங்க பில் இன்னும் ஏறலை" என்று ஆரம்பிக்கிறீர்கள்.

சாஃப்ட்வேர்க்காரர்களிடம் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஸ்பேஸை எடுப்பது டேட்டா கிளீனிங். இரண்டு காலத்தை ஒட்டி ஒன்றை அடையாளம் காண்பது காம்போசிட் கீ. ஒரு பட்டியலின் எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டு இன்னொரு பட்டியலில் ஜோடி தேடுவது, பட்டியல்களிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் எஸ்.கியூ.எல் (SQL) மொழியில் லெஃப்ட் ஜாயின். உங்கள் என்.ஏ அங்கே நல் (NULL, வெற்று) என்று வரும். வி-லுக்கப் போல முதல் ஆளோடு நின்றுவிடாமல், ஜோடி இரண்டு இருந்தால் இரண்டையும் காட்டும்.

அந்த எஸ்.கியூ.எல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐ.பி.எம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் அதை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே இது யாருக்காக என்று எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் நிபுணர்களாக இல்லாதவர்களுக்காக. அப்படிப்பட்டவர்களுக்கு உதாரணம் சொல்லும்போது முதலில் வருவது கணக்கர்கள். பொறியாளர்களும் கட்டிடக் கலைஞர்களும் அதற்குப் பின்னால்தான். உங்களுக்காக என்று செய்து வைத்த கருவி 50 வருடம் ஆகியும் சிக்பேட்டைக்கு வந்து சேரவில்லையே என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முதலாளி மகன் சொன்னதில் பாதி உண்மை. இப்போதைய டாலி பிரைமிலேயே 2பியோடு ஒத்துப்பார்க்கும் வசதி இருக்கிறது. ஒத்துப்போகிற வரிகளை இனி யாரும் உட்கார்ந்து டிக் அடிக்கப் போவதில்லை. ஆனால் ஒத்துப்போகாத நாலைந்து வரிகளில் எது தப்பு, யார் தப்பு, வாங்கும்போது கட்டிய வரிக்கு இந்த மாதம் கிரெடிட் எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த வசதியைச் செய்கிற கம்பெனிகளுக்கும் அப்படிப்பட்ட ஆள் வேண்டும். டாலி பிறந்ததே நம் பெங்களூரில்தான், 1986-இல். கணக்கு, ஜி.எஸ்.டி., சரக்கிருப்பு என்று சாஃப்ட்வேர் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள் இங்கே நிறைய. கிரெடிட் நோட் போட்டால் வரி சரியாகக் குறைகிறதா, 20-ஆம் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் சரியாக வருகிறதா என்று சோதிப்பதற்கு ஃபங்ஷனல் டெஸ்டிங் என்று பெயர். கடைக்கே போய் சாஃப்ட்வேரைப் பொருத்தி, பழைய கணக்கை ஏற்றிக் கொடுத்து, ஆட்களுக்குச் சொல்லித் தருவது இம்ப்ளிமென்டேஷன். தமிழும் கன்னடமும் சூரத்துக்காரரைச் சமாளிக்கிற இந்தியும் தெரிந்த உங்களுக்கு, இங்கிலீஷ் பேச வராதது அங்கே பெரிய குறையாக இராது. நிர்வாகத்துக்கு அறிக்கைகள் தயாரிக்கிற எம்.ஐ.எஸ். வேலைகளும் இருக்கின்றன. முதல் வேலையில் சம்பளம் இப்போது வாங்குவதைவிட அதிகம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் கடை வேலையை விடாமல் படியுங்கள் என்கிறேன்.

படிப்பு எங்கே என்று கேட்பீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் என்கிற இணையப் பாடங்களில், எக்செல் போன்றதும் அடங்கிய இலவச சாஃப்ட்வேரான லிப்ரே ஆபீஸ் வரிசையைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம், காசு கிடையாது. பாதித் திரையில் பாடம், பாதித் திரையில் நீங்கள் செய்வது. நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும், சும்மா பார்த்தால் ஒட்டாது. எக்செலில் பட்டியல்களைச் சுத்தம் செய்து இணைக்கிற பவர் குவெரியைப் பழகுங்கள். எஸ்.கியூ.எல்லுக்குப் புத்தகக் கடைக்கே போக வேண்டாம், உங்கள் மகளின் பியூசி புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. ராத்திரி அவளோடு உட்காருங்கள். அவள் உங்களுக்கு செலக்ட் (SELECT), வேர் (WHERE) என்கிற கட்டளைகளைச் சொல்லித் தரட்டும், நீங்கள் அவளுக்குப் பில்லைப் படிக்கச் சொல்லித் தாருங்கள். ஆறு மாதம் கழித்தும் டெஸ்டிங் பிடித்திருந்தால் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.க்யூ.பி.யின் (ISTQB) அடிப்படைத் தேர்வு எழுதலாம். 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி, புரோகிராமிங் தேவையில்லை. கட்டணம் உண்டு, ஆனால் உங்கள் ஃபுல் ஸ்டாக் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. பட்டமே வேண்டும் என்கிறவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது, வயது வரம்பு கிடையாது. உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன். மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழகுவதற்குக் கடையின் கணக்கை எடுப்பதானால் முதலாளியிடம் கேட்டுவிட்டு, சப்ளையர் பெயர்களையும் ஜி.எஸ்.டி. எண்களையும் மாற்றிவிட்டு எடுங்கள்.

வருகிற 14-ஆம் தேதி வழக்கம்போல எக்செலில் வேலையை முடித்துவிடுங்கள். 20 தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே இரண்டு பட்டியலையும் மகளோடு சேர்ந்து எஸ்.கியூ.எல்லில் ஏற்றி லெஃப்ட் ஜாயின் போட்டுப் பாருங்கள். எத்தனை நல் வந்தது, எக்செலில் வந்த என்.ஏவும் அதுவும் ஒரே எண்ணிக்கையா என்று எனக்கு எழுதுங்கள். எண்ணிக்கை இடித்தால் ஏன் என்பதையும் கண்டுபிடித்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா