ஆரஞ்சுத் தோல் கலந்த தேநீர்

அன்புள்ள ஐயா,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் கனடியப் பாடகர் லியோனார்ட் கோஹனின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதல் இசைத்தொகுப்பைத் தேடிக் கேட்டேன். ஒரு வாரமாக வேறெதுவும் கேட்கவில்லை. பாடல் வரிகளைக் கைபேசியில் வாசித்தபடியே கேட்கிறேன், பாதி புரியவில்லை. 'இந்த ஆளுக்குப் பாடவே வராதே' என்கிறான் நண்பன். அவனுக்கு என்ன பதில் சொல்வது? இது கவிதையா, பாட்டா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வதில் பிழையில்லை. கோஹனே பிற்காலத்தில் தன் குரலைக் கிண்டல் செய்து பாடியிருக்கிறார்.

நீங்கள் கேட்ட அந்த முதல் தொகுப்பு, 'சாங்ஸ் ஆஃப் லியோனார்ட் கோஹன்', 1967 டிசம்பர் இறுதியில் வெளிவந்தபோது அவருக்கு வயது 33. அதற்குள் நான்கு கவிதைத் தொகுப்புகளும் இரண்டு நாவல்களும் வந்துவிட்டன. கனடாவில் பெயர் இருந்தது, பணம் இல்லை. எழுத்து சோறு போடாததால்தான் பாட வந்தார். 1966இல் வந்த 'பியூட்டிஃபுல் லூசர்ஸ்' நாவலைப் படித்தால் மூச்சு முட்டும். சொற்களை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருப்பார். பாட்டில் அதே ஆள் உப்பைக் கிள்ளிப் போடுகிறார். அவரைச் சிக்கனக்காரராக்கியது கிட்டார்தான் என்பது என் எண்ணம்.

'சூசான்' பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1966இல் கவிதையாகப் புத்தகத்தில் வந்தது. அதே ஆண்டு ஜூடி காலின்ஸ் பாடி இசைத்தட்டிலும் வந்துவிட்டது. மான்ட்ரியலில் நதியோரத்து வீடு ஒன்றில் சூசான் வெர்டால் என்ற நடனக் கலைஞர் அவருக்குத் தேநீர் கொடுத்தார். ஆரஞ்சுத் தோல் துணுக்குகள் கலந்து கடையில் விற்கிற தேயிலைதான் அது என்று கோஹன் பின்னாளில் விளக்கினார். பாட்டில் அது சீனத்திலிருந்து கடல் கடந்து வந்த தேநீரும் ஆரஞ்சுமாகிவிடுகிறது. செய்த மாற்றம் அவ்வளவுதான். ஆனால் கோப்பைக்குள் ஒரு கப்பல் வந்துவிட்டது! கப்பல் வந்தபின் அதே பாட்டில் ஏசு மாலுமியாக வருவதில் என்ன வியப்பு? பாட்டில் வரும் துறைமுகத்து மாதாவும் அவர் இட்டுக்கட்டியதல்ல. பழைய மான்ட்ரியலில் மாலுமிகள் வேண்டிக்கொள்ளும் தேவாலயத்தின் உச்சியில், செயின்ட் லாரன்ஸ் நதியைப் பார்த்துக் கைவிரித்து நிற்கிறாள் அவள்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் ஆளுயரக் கண்ணாடி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் கண்ணாடி முன் வாசித்தே பழக்கமாம். தயாரிப்பாளர் ஜான் சைமன் வயலின்களையும் பெண் குரல்களையும் சேர்த்தார். கோஹனுக்கு அது முழுதாக ஒப்பவில்லை; குறைக்கச் சொன்னார், எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. 'சோ லாங், மரியான்' பாடலில் மேளம் கொட்டுகிற இடத்தில் அந்தச் சண்டை இன்னும் கேட்கிறது. எனக்கு அந்தப் பெண் குரல்கள் பிடிக்கும். நான் இப்படிச் சொல்வதைக் கோஹன் கேட்டால் வருத்தப்பட்டிருப்பார்.

கவிதையா பாட்டா என்ற வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். கைபேசியையும் கவிழ்த்து வையுங்கள். என்னிடம் இருந்தது ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட். வரிகள் அச்சிட்ட தாள் ஏது? ஒரு வரியைப் பத்து வருடம் தப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். சரியான வரி தெரிந்த அன்று, என்னுடையதே மேல் என்று தோன்றியது.

நண்பருக்கு 'சூசான்' வேண்டாம். தொகுப்பின் கடைசிப் பாடலைப் போட்டுக் காட்டுங்கள். அதில் சொற்கள் தீர்ந்ததும் சீழ்க்கை வரும். பிறகு கோஹன் சுருதியைக் காற்றில் விட்டு லாலா என்று ஊளையிடுவார். இத்தனை சொல் தெரிந்தவர், தொகுப்பை அப்படித்தான் முடிக்கிறார். தான் சொன்னது சரிதான் என்று உங்கள் நண்பர் சிரிப்பார். சிரிக்கட்டும், பாட்டு தீரும்வரை நிறுத்தாதீர்கள்.