நியூசிலாந்தில் கரண்ட் பில் கட்டுபவர்களுக்கே மின் நிறுவனத்தின் லாபத்தில் பங்கு வருகிறதாமே, எப்படி?

வருவது உண்மைதான், ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. அங்கே முன்பு ஊருக்கு ஊர் மின் வாரியங்கள் இருந்தன. 1992-ல் வந்த சட்டம் அவற்றை கம்பெனிகளாக மாற்றச் சொன்னது. சரி, பங்குகள் யாருக்கு? பல ஊர்களில் நுகர்வோர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி அதனிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய உதாரணம் ஆக்லாந்து நகரின் என்ட்ரஸ்ட் அறக்கட்டளை. மின்கம்பிகளை வைத்திருக்கும் வெக்டர் நிறுவனத்தில் 75.1 சதவீதம் இதனுடையது. மீதி பங்குச் சந்தையில். வெக்டர் தரும் ஈவுத்தொகையில், அதாவது லாபப் பங்கில், செலவு போக மிச்சத்தை ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு தேதியில் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். அதனால் வாடகைக்கு இருப்பவர் தன் பெயரில் பில் கட்டினால் அவருக்கே கிடைக்கும், வீட்டுக்காரருக்கு இல்லை. எத்தனை யூனிட் எரித்தாலும் தொகை ஒன்றுதான். வேறு சில ஊர்களில் இதையே பில்லில் கழித்துவிடுகிறார்கள்.

என்ட்ரஸ்டை நடத்தும் ஐந்து அறங்காவலர்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை நுகர்வோரே தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுப் போடுபவர்கள்தான் குறைவு. இதை இலவசப் பணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த லாபமும் இவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வந்ததுதானே. அப்புறம், இந்த ஏற்பாடு நிரந்தரமும் அல்ல: 2073-ல் அறக்கட்டளையின் காலம் முடிகிறது.