வயசுக்கு வரவில்லை, ஆனால் மாதாமாதம் வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மார்பு வளர்ந்து இரண்டரை வருடமாகியும் வயசுக்கு வரவில்லை. ஐந்து மாதமாக, மாதம் ஒருமுறை மூன்று நாள் அடிவயிற்றில் வலி துடிக்கிறாள். போன வாரம் சிறுநீரே போகவில்லை என்று அழுதாள். கன்னித்திரை (பிறப்புறுப்பு வாசலில் இருக்கும் மெல்லிய சவ்வு) மூடியிருக்கலாம், சின்ன ஆபரேஷன் தேவைப்படும் என்றார் டாக்டர். நாளைக்குக் கல்யாணத்தில் பேச்சு வருமோ என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்: தயங்காதீர்கள் அம்மா, இந்த வாரமே பெண்கள் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மறுபடி சிறுநீர் அடைத்தால் அன்றே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவள் வயசுக்கு வந்துவிட்டாள் என்றே நினைக்கிறேன், ரத்தம் வெளியே வரத்தான் வழியில்லை. மாதாமாதம் உள்ளேயே தேங்கிப் பிறப்புறுப்புப் பாதை உப்பி, முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. வெளியிலிருந்து பார்த்தாலே நீலம் பாய்ந்த சவ்வு புடைத்துத் தெரியும், விரல் விட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் அவசியம், ஏனென்றால் அடைப்பு இன்னும் ஆழத்தில் இருந்தால் சிகிச்சையே வேறு. கன்னித்திரைதான் என்று உறுதியானால் மயக்கம் கொடுத்து அதைத் திறந்துவிடுவார்கள். கருப்பட்டிப் பாகு மாதிரி பழைய ரத்தம் வடியும், பயப்படாதீர்கள். ஊசியால் குத்தி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், துளை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும்.

அப்புறம் அந்தக் கல்யாணப் பேச்சு. கன்னித்திரை என்ற பெயர்தான் பாதிப் பிரச்சினை. பெரும்பாலான பெண்களுக்கு அது பிறக்கும்போதே திறந்துதான் இருக்கிறது, சிலருக்குப் பிறை மாதிரி, சிலருக்கு வளையமாக, அபூர்வமாகச் சல்லடை போல. நடுவில் ஒரு பட்டை குறுக்கே ஓடுபவர்களும் உண்டு, மாதவிலக்கு ஒழுங்காக வரும், டாம்பூன் (மாதவிலக்கில் ரத்தத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) வைத்தால்தான் மாட்டிக்கொண்டு வலிக்கும், அவர்களும் காட்ட வேண்டும். இதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டாளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்படிச் சோதிப்பதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இலேயே சொல்லிவிட்டது. மற்றப் பெண்களுக்குப் பிறவியிலேயே இருக்கும் வழியைத்தான் உங்கள் மகளுக்கு ஆபரேஷனில் செய்து தருகிறார்கள்.

வலி இல்லாவிட்டாலும், 13 வயதில் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை என்றாலும் சரி, 15 வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை என்றாலும் சரி, காட்டிவிட வேண்டும்.

சரி, போகும்போது வலி வந்த தேதிகளைக் குறித்து எடுத்துப் போங்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள், சோதிக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்.