அப்பத்துக்கு எது உயிர்?

கேள்வி: சைப்ரஸ் தீவில் கத்தோலிக்கப் பேராயம் இருந்த காலத்தில், ரொட்டி மாதிரி ஒரு அற்ப விஷயத்துக்காகக் கிரேக்கத் துறவிகளை எரித்தார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: எரித்தது உண்மை. ஆனால் அந்த 'அற்ப' என்ற சொல்லை ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி கரைத்து வைத்த மாவு, காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிக்காத மாவு வைத்தபடியே கிடக்கும். திருப்பலி அப்பத்தைக் கத்தோலிக்கர் புளிக்காத மாவில் செய்தார்கள், கிரேக்கர் (ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்) புளித்த மாவில். கிரேக்கர் சொன்னதும் இதுதான்: புளிப்புதான் அப்பத்துக்கு உயிர். உயிரில்லாத ஒன்றைக் கிறிஸ்துவின் உடல் என்று பீடத்தில் எப்படி வைப்பது? கத்தோலிக்கரோ, கடைசி இராவுணவு பாஸ்கா விருந்து, அன்றைக்கு யூதர் வீட்டில் புளிப்பே இருக்காது என்றார்கள். இதில் எது அற்பம்? சைப்ரஸில் காந்தாரா என்ற இடத்து மடத்தின் கிரேக்கத் துறவிகள் சொன்ன சொல்லை மாற்ற மறுத்தார்கள். மூன்று வருடம் சிறை. 1231-ல் நெருப்பு. உயிர்விட்ட 13 பேரையும் கிரேக்கத் திருச்சபை இன்றும் புனிதர்களாக வணங்குகிறது.

சரி, அப்பத்தோடு அதிகாரமும் சேர்ந்திருந்தது. நற்செய்தி சொல்ல அப்போஸ்தலர் பவுலோடு ஊர் ஊராகப் போன பர்னபா இந்தத் தீவுக்காரர். அவர் வழிவந்த திருச்சபை யாருக்கும் கீழ்ப்பட்டதல்ல என்று 431-ல் எபேசு நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கமே ஏற்றது. தலைநகர் நிக்கோசியாவில் லத்தீன், அதாவது கத்தோலிக்கப் பேராயம் வந்தது 1196-ல், லுசிஞான் என்ற பிரெஞ்சு வம்சத்து ஆட்சியில். 765 வருடம் பிந்தி வந்தவர்கள், முந்தி இருந்தவர்களைக் கீழே உட்காரச் சொன்னார்கள். தசமபாகம் லத்தீன் சபைக்கு. 14 கிரேக்க ஆயர் பதவிகள் நான்காகச் சுருங்கின. அந்த நால்வரும் சோலியா, லெஃப்காரா என்று ஒதுக்குப்புறமான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1260-ல் போப் நான்காம் அலெக்சாண்டர் ஆணையே போட்டுவிட்டார்: இப்போதிருக்கும் கிரேக்கப் பேராயர் ஜெர்மானோஸுக்குப் பிறகு அந்தப் பதவி கிடையாது.

1570-ல் ஒட்டோமான் படை நிக்கோசியாவைப் பிடித்தது. புனித சோபியா பேராலயம் மசூதியானது. பாதியில் நின்றிருந்த கோபுரங்கள் மேல் மினார்கள் எழுந்தன. பிரபுக்களின் கல்லறைப் பலகைகள் தரைக்கல்லாயின. லத்தீன் பேராயமும் அதோடு போயிற்று. போப் எடுத்த கிரேக்கப் பேராயர் பதவியை, மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தவர் சுல்தான்.